புகையிலைப் பரீட்சை

பொருள்களின் குண பேதங்களை நாவினாலும் நாசியினாலும் பிரித்தறியும் சக்தி அற்பமானதன்று. உருக்கிய நெய்யைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்த மாத்திரத்தில் அது பசுநெய்யா எருமைநெய்யா என்று சொல்லிவிடும் பாட்டிமார்களையும், வறுபடும் காப்பிக்கொட்டையின் வாசனையைக் கொண்டே அடுப்பை அணைக்கவேண்டிய தருணத்தைத் தெரிந்துகொள்ளும் கடைக்காரர்களையும் நாம் அறிவோம். அவர்களுடைய அறிவு புத்தகத்தில் படித்து வந்ததன்று. பல்லாண்டுப் பழக்கத்தால் வந்தது. இதே நுட்பத்தையும் பொறுமையையும் புகையிலையின்மீது செலுத்தி, ஒரு வகையை மற்றொரு வகையோடு ஒப்பிட்டு, ஏற்றத்தாழ்வு கண்டு, குறித்து வைத்துக்கொள்ளும் கனவான்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நம் நாட்டிலும் சிலர் உண்டு. இவர்கள் செய்வது கலைதானா, அல்லது வெறும் பழக்கத்திற்குச் சூட்டிய அழகான பெயரா? கலையேயாயினும் அதற்குரிய விலை என்ன? அவ்விலையைக் கொடுப்பவர் யார்? இக்கேள்விகளை இன்று வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கடலூர் ஜில்லாவில், விருத்தாசலம் பகுதியைச் சார்ந்து நெய்வேலிச் சுரங்கங்களுக்கு அணித்தாக உள்ள கம்மாபுரத்தில் நமக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். நிலபுலம் உள்ளவர், பல விஷயங்களில் தேர்ந்தவர். அவர் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுவதும் பைப் என்று நாம் சொல்லும் சுங்கான்களும், வெளிநாடு சென்று திரும்பும் உறவினர்கள் கொணர்ந்த தகர டப்பாக்களும் இருக்கின்றன. அடுத்த தட்டில் காகிதத்தில் பொதிந்த நம் நாட்டு இலைகள். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமாக அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். இலையின் நிறம், நறுக்கிய விதம், ஈரப்பதம், டப்பாவைத் திறந்தவுடன் எழும் வாசனை, பற்றவைத்த பின் முதற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் முடிவிலும் தோன்றும் ருசி, நாக்கில் உண்டாகும் எரிச்சல், அறையில் தங்கும் நெடி, எஞ்சிய சாம்பலின் நிறம் என்று பத்தி பத்தியாகக் கோடிட்டு அதில் எழுதி வருகிறார்.

அவருடைய பரீட்சை முறையும் ஒழுங்கானதே. ஒரு சுங்கானில் ஒரு வகையையன்றி மற்றொன்றை இடமாட்டார். இட்டால் பழைய நெடி புதியதைக் கெடுத்துவிடும் என்பார். வாயை வெந்நீரால் கொப்பளித்த பின்பே தொடங்குவார். முதற் சிட்டிகையைத் தளர்வாகவும், இரண்டாவதைச் சற்று அழுத்தியும், மூன்றாவதை இறுக்கியும் அடைப்பார். முதலில் வைத்த நெருப்பால் மேற்பரப்பு கருகிப் பொங்கி எழும். அதை மெல்ல அமுக்கி மறுபடியும் பற்றவைத்த பிறகே உண்மையான ருசி தெரியும் என்பது அவருடைய சித்தாந்தம். இவ்வளவு சிரத்தையை வேறு எந்த வஸ்துவின்மீது செலுத்தியிருந்தாலும் உலகம் அவரைப் பண்டிதர் என்றே கொண்டாடும்.

வேற்றுமையின் காரணம்

புகையிலை வகைகளில் பெரும்பாலானவை ஒரே ஜாதிச் செடியின் இலைகளே. அவற்றில் இவ்வளவு ருசி பேதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். விதை, மண், பாய்ச்சும் நீர், பறிக்கும் பருவம் ஆகிய நான்கோடு, எல்லாவற்றிலும் முக்கியமாகப் பாடம் செய்யும் முறையே காரணம். வர்ஜீனியா எனப்படும் இலையைக் குழாய்கள் வழியாகச் சூடேற்றிய கொட்டகையில் சில நாட்களுக்குள் உலர்த்துகிறார்கள். அதனால் இலை பொன்னிறமடைந்து, அதிலுள்ள சர்க்கரை அழியாமல் தங்கிவிடுகிறது. பர்லி என்னும் இலையை நிழலில் காற்றாட வாரக்கணக்கில் தொங்கவிடுவதால் அதன் சர்க்கரை பெரும்பாலும் நீங்கி, இலை பழுப்பேறுகிறது. துருக்கி முதலிய தேசங்களின் சிறிய இலைகள் வெயிலில் உலர்ந்து மணம் பெறுகின்றன. லட்டாக்கியா என்பது சிரியாவிலுள்ள ஒரு துறைமுகத்தின் பெயரைத் தாங்கியது. பிற்காலத்தில் சைப்ரஸ் தீவுக்கும் அத்தொழில் சென்றது. மணமுள்ள கட்டைகளையும் செடிகளையும் எரித்து, அப்புகையிலேயே இலையைக் கருக்க வைப்பது அங்குள்ள வழக்கம். அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்தில் ஒரு சிறு பகுதியில், இலையைப் பீப்பாய்களில் அழுத்திப் பல மாதங்கள் புளிக்க வைத்துப் பெரிக் என்னும் வகையைச் செய்கிறார்கள்.

இதில் ரஸாயன சாஸ்திரம் கூறும் ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த இலையின் புகை அமிலத்தன்மை உடையது. சர்க்கரை குறைந்த இலையின் புகை க்ஷாரத்தன்மை உடையது. க்ஷாரப் புகையிலுள்ள நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். சுருட்டுக் குடிப்பவர் புகையை மார்புக்குள் இழுக்காமலே லாகிரி அடைவதன் ரகசியம் இதுதான். சிகரெட்டின் புகை அமிலமாயிருப்பதால், அதை ஆழ உள்ளிழுத்தாலன்றி முழு லாகிரி கிடைப்பதில்லை. எனவே, நாக்கில் ‘மென்மை’ என்றும் ‘கடுமை’ என்றும் தோன்றும் குணங்கள் தேகத்திற்குள் விஷம் செல்லும் வழியின் அடையாளங்களே என்பதைப் பின்னர்க் காண்போம்.

நம் நாட்டு இலைகள்

அந்நிய டப்பாக்களின் பெயர்களை ஒப்புவிக்கும் நமது நாகரிகர்களில் பலர், நம் நாட்டு இலைகளின் பேதத்தை அறியார். கம்மாபுரத்து நண்பர் அவ்வாறில்லை. திண்டுக்கல், வேடசந்தூர் இலை சுருட்டின் உள்ளீட்டுக்குப் பெயர்பெற்றது. அந்நகரில் ஸ்பென்ஸர் கம்பெனியார் ஒரு காலத்தில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தினர். உறையூரில் சுருட்டுச் சுற்றும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. வேதாரணியத்துக் கடற்கரை மணலில் விளையும் இலை வெற்றிலையோடு மெல்லுவதற்கு உரியது. யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் இறைத்துப் பயிரிட்ட இலை திருவாங்கூர் வரை வியாபாரமாயிற்று. பாணியில் தோய்த்துப் பதப்படுத்திய கோடாச் சுருட்டு அந்நாட்டாரின் தனிச்சிறப்பு. கோதாவரி ஆற்றிடைத் தீவுகளில் விளைவதை லங்கைப் புகையிலை என்பர். இவற்றில் ஒன்றை மற்றொன்றாக மயங்காமல் காம்பையும் நரம்பையும் பார்த்துச் சொல்லக்கூடிய சிப்பக்காரர்களை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

இங்கிலீஷ் பாஷையில் வழங்கும் ‘செரூட்’ என்னும் சொல் நமது ‘சுருட்டு’ என்பதன் திரிபேயன்றி வேறில்லை. 1886-ல் யூல், பர்னெல் என்னும் இருவர் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்கென்றே தனிக் குறிப்பு உண்டு. அது நீளமாகவும் முரடாகவும் இருக்கும் என்றும், வாயில் வைக்கும் முனையில் ஒரு வைக்கோல் துண்டு செருகியிருக்கும் என்றும், பழகியவர்கள் அதைப் பெரிதும் விரும்புவர் என்றும் அதில் கண்டிருக்கிறது. 1887-ல் கானன் டாயில் எழுதிய முதல் துப்பறியும் நாவலில், கொலை நடந்த அறையில் சிந்திக் கிடந்த சாம்பலைக் கண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஷெர்லக் ஹோம்ஸ் தீர்மானிக்கிறார். சாம்பலைக் கொண்டு புகையிலையை வகைப்படுத்தும் வித்தைக்கு நமது காவிரிக்கரைச் சுருட்டு உதாரணமாயிற்று என்பது பலர் அறியாத செய்தி.

நமது புலவர்களும் இவ்விஷயத்தில் பின்னடையவில்லை. சேது நாட்டைச் சேர்ந்த சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது விடுத்து ஒரு பிரபந்தம் பாடினார். அதை மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1939-ல் அச்சிட்டு உதவினார்கள். அதில் வரும் கதை வக்கீல்களுக்கு மிகவும் ரசமானது. மும்மூர்த்திகளுக்குள் ஒரு வழக்கு நேர்ந்தபோது, தேவசபையார் சிவபெருமானிடம் வில்வத்தையும், திருமாலிடம் துளசியையும், பிரமனிடம் புகையிலையையும் கொடுத்து, மறுநாள் கொண்டுவரும்படி கட்டளையிட்டனராம். வில்வம் கங்கையோடு போயிற்று. துளசி பாற்கடலோடு போயிற்று. பிரமன் தம்முடையதை நாவிலுள்ள கலைமகளிடம் ஒப்புவித்துக் காப்பாற்றினார். போகாத இலையாதலின் அது ‘போகையிலை’ ஆயிற்றென்றும், அதுவே புகையிலை என மருவிற்றென்றும் கதை. அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் வந்திறங்கிய ஒரு செடிக்குப் பிரமபத்திரம் என்று பட்டம் சூட்டி, புராணமும் கட்டிவிட்ட நம் முன்னோரின் நகைச்சுவையை மெச்சவேண்டும். ஆயினும், கதையில் போகாத இலை மெய்யாகவே நம்மை விட்டுப் போகாமலிருப்பதை நினைக்கும்போது நகை மறைந்துவிடுகிறது.

சுதேசி வாதம்

நிற்க. நம் நாட்டு இலையின் பெருமையைப் பேசுவோர் வழக்கமாக ஒரு படி மேலே சென்று, அந்நிய டப்பாவைத் தள்ளித் திண்டுக்கல் இலையை வாங்குவதே தேசபக்தி என்பர். இவ்வாதம் புதியதன்று. 1905-ல் எழுந்த சுதேசி இயக்கத்தின்போது வங்காளத்தில் படித்த வாலிபர்கள் சீமைச் சிகரெட்டைப் பகிஷ்கரித்துப் பீடியைக் கையில் எடுத்தார்கள். அந்நியனுக்குப் பணம் போகாமல் தடுத்தது வரையில் அது மெச்சத்தக்கதே. 1910-ல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஏற்பட்டு நாடெங்கும் சிகரெட்டைப் பரப்பியதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அன்றைய வாலிபர்கள் கேட்டது, பணம் யாருக்குப் போகிறது என்ற ஒரு கேள்வியையே. தேகம் என்ன ஆகிறது என்ற மற்றொரு கேள்விக்குரிய விடை அவர்கள் காலத்தில் தெளிவாக வெளிப்பட்டிருக்கவில்லை. இன்று வெளிப்பட்டிருக்கிறது. சுதேசி நஞ்சும் நஞ்சே. நம் மண்ணில் விளைந்தது என்பதற்காக அது நம் மக்களிடம் தயை காட்டப் போவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும் வித்தையை ரஸிகர்கள் மட்டும் பயின்றார்களில்லை; வைத்தியர்களும் பயின்றார்கள். 1761-ல் லண்டனில் ஜான் ஹில் என்பவர் பொடி போடுவோரின் மூக்கில் தோன்றும் புற்றைக் குறித்து எச்சரித்தார். 1795-ல் ஜெர்மனியில் ஸெம்மரிங் என்னும் சாஸ்திரியார், சுங்கான் குடிப்போரின் கீழுதட்டில் புற்று உண்டாவதைக் குறிப்பிட்டார். நம் சென்னை ராஜதானியில் 1902-ல் ஜெனரல் ஆஸ்பத்திரி வைத்தியர் நிப்லாக், கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் புற்றுக்கும் தாம்பூலப் பழக்கத்திற்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக் காட்டினார். இன்று கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள நெய்யூரில் அக்காலத்தில் பணியாற்றிய வைத்தியர் ஒருவர், புகையிலை சேர்த்துத் தாம்பூலம் தரிப்போருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ல் லண்டன் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் விரிவாக எழுதினார். 1950-ல் டால், ஹில் என்னும் இருவர் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டினர். 1964-ல் அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்தியர் வெளியிட்ட அறிக்கை, சுங்கான் புகைப்பது உதட்டுப் புற்றுக்குக் காரணமென்று தீர்மானமாகக் கூறிற்று.

நண்பரின் நோட்டுப் புத்தகத்தில் இல்லாத பத்தி இதுவே. நிறம், மணம், ருசி, சாம்பல் எல்லாவற்றிற்கும் இடம் ஒதுக்கியவர், தேகம் கொடுக்கும் விலைக்கு இடம் ஒதுக்கவில்லை. ‘சுங்கான் குடிப்பவன் புகையை உள்ளிழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை’ என்பது அவருடைய பதில். புகையை உள்ளிழுக்காதவனுக்கு நுரையீரலில் அபாயம் சிகரெட்டுக்காரனைவிடக் குறையலாம். ஆனால் உதடும் நாவும் தொண்டையும் அப்புகையிலேயே ஊறுகின்றன. ‘கலப்பில்லாத சுத்தமான இலை’ என்பது மற்றொரு பதில். கலப்பில்லாத இலை எரியும்போதும் தாரும் கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மோனாக்ஸைடும் உண்டாகவே செய்கின்றன. ‘மணம் மென்மையாக இருக்கிறது’ என்பது மூன்றாவது பதில். மென்மை நாவுக்கு, இரத்தத்திற்கன்று. இம்மூன்று பதில்களையும் எந்த நியாயாதிபதி முன் வைத்தாலும் நிற்கமாட்டா.

விலை கொடுப்பவர் யார்?

ரஸிகர் தம் தேகத்தைத் தாமே பணயம் வைக்கிறார், அது அவருடைய சுதந்திரம் என்று சிலர் வாதிக்கலாம். விலையை அவர் ஒருவரே கொடுப்பதாயின் இவ்வாதத்திற்குச் சிறிது மதிப்புண்டு. காலைப் பனியில் நனைந்த இலையைப் பறிக்கும் கூலியாளின் தோல் வழியாகவே நிகோட்டின் உட்சென்று தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாக்குவதை வைத்தியர்கள் தனி வியாதியாகவே வகுத்திருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாள் முழுவதும் பீடி சுற்றும் பெண்கள் புகையிலைத் தூளையே சுவாசிக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் லட்டாக்கியாவின் மணம் தெரியாது. வர்ஜீனியாவின் தித்திப்பும் தெரியாது. மணமும் தித்திப்பும் ஒருவருக்கு, இருமலும் கூலியும் மற்றொருவருக்கு என்பது எவ்வித நியாயம்?

கணக்கையும் பார்ப்போம். இந்தியாவில் புகையிலையால் ஆண்டுதோறும் மாண்டு போவோர் 13 லட்சம் பேருக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2009–10-ல் எடுத்த கணக்கின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்கு 34.6 பேர் ஏதேனும் ஒரு விதத்தில் புகையிலையை உபயோகித்தனர். 2016–17-ல் இது 28.6 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ அதே காலத்தில் 16.2-லிருந்து 20.0 ஆக உயர்ந்தது. நாடு முழுவதும் இறங்கும்போது நாம் மட்டும் ஏறியது வெட்கத்திற்குரியதன்றோ?

சட்டம் இல்லாமலில்லை. 2003-ல் இயற்றிய மத்தியச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடுக்கிறது. 2008-ம் வருஷம் அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் அமுலுக்கு வந்தன. 2004-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட உலக சுகாதார ஸ்தாபனத்தின் உடன்படிக்கையில் 17-ஆம் ஷரத்து ஒன்றுண்டு. புகையிலை பயிரிடுவோருக்கும், அத்தொழிலில் உழைப்போருக்கும், சிறு வியாபாரிகளுக்கும் பிழைப்புக்குரிய மாற்று வழிகளைக் காட்ட வேண்டியது ராஜ்யங்களின் கடமை என்று அது கூறுகிறது. மற்ற ஷரத்துக்களைப் பற்றிப் பேசுவோர் பலர்; இந்த ஷரத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். குடிப்பவனைத் தடுக்கும் சட்டம் பயிரிடுபவனையும் சுற்றுபவளையும் கைவிடுமானால் அது பாதிச் சட்டமேயாகும்.

மாற்றுவழி கனவன்று என்பதற்குக் கம்மாபுரத்துச் சுற்றுப்புறமே சாட்சி. தென்னார்க்காட்டார் மணிலாக்கொட்டை என்று அழைக்கும் நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. முந்திரியைப் பிரேஸில் தேசத்திலிருந்து போர்த்துகீசியர் கொணர்ந்தனர். நமது ரஸத்திற்கு உறைப்பூட்டும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. புகையிலையோடு உடன்பிறந்தாற்போல் கடல் கடந்து வந்த இப்பயிர்கள் செம்மண் காட்டை வளமாக்கி, ஜனங்களுக்கு உணவும் பணமும் தந்தன. விருத்தாசலத்திலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கிய நிலக்கடலை, முந்திரி வகைகள் அவ்வூர்ப் பெயரின் எழுத்துக்களையே தாங்கி ‘வி.ஆர்.ஐ.’ என வழங்குகின்றன. 1948-ல் வேடசந்தூரில் புகையிலைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவ முடிந்த நாட்டில், அதே மண்ணுக்கும் அதே நீருக்கும் ஏற்ற வேறு பயிரை அதே சிரத்தையோடு தேடுவது முடியாத காரியமா?

ஒப்பிடும் வித்தையையே விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. உறையூர்ச் சுருட்டுக்காரரின் கைத்திறனும், இலையின் பதத்தைத் தொட்டறியும் அனுபவமும், வட்டார வகைகளின் பெயர்களும் எழுதி வைக்கப்படாமல் அழிந்துபோனால் அது நமது சரித்திரத்திற்கு நஷ்டம். அவற்றைக் கேட்டறிந்து நூலாக எழுதுங்கள். கருவிகளைப் பொருட்காட்சி சாலையில் வையுங்கள். அறிவதற்கு நெருப்பு வைக்க வேண்டியதில்லை. ருசிக்கும் நாவுக்கு வேலை வேண்டுமாயின் நமது நெல் வகைகள் காத்திருக்கின்றன. 2018-ல் காலமான நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் 170-க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்து விவசாயிகளுக்கு வழங்கினார். சீரகச் சம்பாவின் மணம், கிச்சிலிச் சம்பாவின் மென்மை, மாப்பிள்ளைச் சம்பாவின் திண்மை, கறுப்புக் கவுனியின் நிறம் ஆகியவற்றைப் பத்தி பத்தியாகக் குறித்து வைக்க எத்தனை நோட்டுப் புத்தகங்கள் இருந்தாலும் போதா. அந்தப் பரீட்சையில் உழுபவனும் பிழைப்பான், உண்பவனும் பிழைப்பான்.

தொண்டு செய்யும் வாலிபர்கள் இரண்டு காரியங்களைக் கையிலெடுக்க வேண்டுகிறோம். ஒன்று, பள்ளிக்கூடங்களைச் சுற்றியுள்ள கடைகளில் சட்டத்திற்கு மாறாகச் சிறுவர்களுக்குப் புகையிலை விற்பதைக் கண்டால் வாளாவிராமல் அதிகாரிகளிடம் எழுத்து மூலம் முறையிடுவது. மற்றொன்று, 17-ஆம் ஷரத்தின்படி வேடசந்தூர் விவசாயிக்கும், உறையூர்ச் சுருட்டுத் தொழிலாளிக்கும், திருநெல்வேலிப் பீடிப் பெண்ணுக்கும் என்ன மாற்று ஏற்பாடு செய்யப்பட்டது என்று தங்கள் சட்டசபைப் பிரதிநிதியிடம் கேட்பது. முதற் காரியம் நாளைய நோயாளியைக் காக்கும். இரண்டாவது இன்றைய உழைப்பாளியைக் காக்கும். இரண்டும் சேர்ந்து நடந்தாலன்றிப் போகையிலை நம் நாட்டை விட்டுப் போகாது.